கேரன்டூஹில்: அயர்லாந்தின் உச்சியும் அதன் பெயரில் இருக்கும் அரிவாளும்

அயர்லாந்தின் மிக உயரமான மலையின் பெயர் கேரன்டூஹில். கேட்டதும் ‘கேரன்டூ’ என்ற குன்று, அதாவது ‘ஹில்’ என்று பிரித்துக்கொள்ளத்தான் தோன்றும். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடைசியில் கேட்கும் ‘ஹில்’ ஆங்கிலச் சொல்லே இல்லை. ஐரிஷ் மொழியில் ஆறாம் வேற்றுமையில் உருமாறிய ஒரு சொல்லின் வால் அது. குன்று, மலை, சிகரம் என்று பொருள்படும் எதுவும் இந்தப் பெயரில் கிடையாது. மலையின் பெயரில் இருப்பது கதிர் அறுக்கும் அரிவாள்.

ஏன் அரிவாள், யாருடைய அரிவாள் என்று கேட்டால் மொழியை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. மலையின் விளிம்பையும் பார்க்க வேண்டும். அதனால் முதலில் நிலம்.

மலை எங்கே நிற்கிறது

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கெர்ரி கவுண்டி. அங்கிருந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் விரல்களைப் போலத் தீபகற்பங்கள் நீள்கின்றன. அவற்றில் பெரியது ஐவெரா. அந்தத் தீபகற்பத்தின் முதுகெலும்பாக, கிழக்கே டன்லோ கணவாயிலிருந்து மேற்கே கிளென்கார் பள்ளத்தாக்கு வரை சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுவது மக்கில்லிகட்டி ரீக்ஸ் என்ற மலைத்தொடர். கேரன்டூஹில் அதன் மேற்குப் பாதியில் இருக்கிறது.

உயரம் 1,038.6 மீட்டர், அதாவது 3,407 அடி. அயர்லாந்துத் தீவு முழுவதிலும் ஆயிரம் மீட்டரை எட்டும் சிகரங்கள் மூன்றுதான். மூன்றும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவில் கேரன்டூஹில், அதற்கு வடக்கே ஒரு கிலோமீட்டருக்குள் பீன்கெரா (1,008 மீட்டர்), மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து காஹர் (1,000 மீட்டர்). மூன்றையும் இணைக்கும் விளிம்பை மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போல இருக்கும். லாடத்தின் வாய் மேற்குப் பக்கம் திறந்திருக்கும். அதன் உள்ளே கிடக்கும் பள்ளம் கூம்லோக்ரா.

வடசரிவில் விழும் மழை காடா என்ற சிற்றாறாக இறங்கி லான் ஆற்றில் சேர்கிறது. லான், கிலார்னியின் பெரிய ஏரியிலிருந்து புறப்பட்டு கிலார்க்லின் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு இந்தத் தொடர்தான் முதல் பெரிய தடுப்பு. ஆகவே இங்கே மழை அதிகம், உச்சியில் மேகம் அதைவிட அதிகம். வானிலை அறிக்கையில் ‘ஓரளவு மேகமூட்டம்’ என்று போட்டிருந்தால், உச்சியில் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பாறை, பனி, விளிம்பு

மலையின் உடல் முழுவதும் மணற்கல். டெவோனியன் காலத்தில், ஏறக்குறைய 40 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் இறுகிக் கல்லாயின. ‘பழைய செம்மணற்கல்’ என்பது அதன் பெயர். ஆனால் ரீக்ஸில் கையில் எடுத்துப் பார்க்கும் கல் பெரும்பாலும் ஊதா கலந்தோ பச்சை கலந்தோ இருக்கும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தட்டுகள் மோதியபோது இந்த அடுக்குகள் மடிந்து மேலெழுந்தன.

மடிப்பு தந்தது மேட்டை மட்டும்தான். இன்று கண்ணில் படும் உருவத்தைச் செதுக்கியது பனி. நம் பள்ளிப் புவியியலில் ‘சர்க்கு’ என்று படித்த வடிவத்தின் பாடப்புத்தக உதாரணம் இந்த மலை. வெயில் குறைவாகப் படும் வடகிழக்குக் குழிவுகளில் பனி தேங்கும். தேங்கிய பனி இறுகிப் பனிக்கட்டியாகும். பாறை வெடிப்புகளில் நீர் புகுந்து உறைந்து விரியும்போது பின்சுவரிலிருந்து துண்டுகள் பெயரும். நகரும் பனிக்கட்டி அவற்றை இழுத்துக்கொண்டு அடித்தளத்தைச் சுரண்டும். பல சுற்றுப் பனியுகங்களில் இது திரும்பத் திரும்ப நடந்தது. கடைசிப் பனி சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் உருகியபோது, செங்குத்தான பின்சுவரும் கிண்ணம் போன்ற தரையும் அதில் தேங்கிய ஏரியும் மிஞ்சின.

கேரன்டூஹிலை மூன்று பக்கமிருந்து பனி இப்படிக் கடித்திருக்கிறது என்றே சொல்லலாம். வடகிழக்கில் ஹேக்ஸ் கிளென் பள்ளம், மேற்கில் கூம்லோக்ரா, தெற்கில் கர்ராமோர் ஏரி கிடக்கும் பள்ளம். இரண்டு குழிகள் முதுகோடு முதுகாக அரிக்கும்போது நடுவில் மிஞ்சுவது கத்தி விளிம்பு போன்ற முகடு. பாடநூல் அதை ‘அரெட்டு’ என்கிறது. கேரன்டூஹிலுக்கும் பீன்கெராவுக்கும் நடுவே இருப்பது அப்படி ஒரு முகடுதான். ஒரே நேர்கோட்டில் போகாமல் அது வளைந்து போகும், மேலே பாறைப் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். வளைவு, பல் ஆகிய இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு பெயருக்கு வருவோம்.

அரிவாள், சரி. யாருடையது?

இன்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட ஐரிஷ் பெயரைத் தமிழில் எழுதினால் ‘கொரான் தூஅஹில்’ என்று வரும். ‘த’ போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சொல்லின் முதல் எழுத்தை ஐரிஷ்காரர்கள் நுனிநாக்குப் பல்லில் படும்படி உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘ட’வைவிடத் தமிழின் ‘த’வே அதற்கு நெருக்கம். நடுவில் வரும் ‘ஹ’வை ஐரிஷில் ‘டி’, ‘ஹெச்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதை ‘த’ என்று படிப்பார். ஐரிஷில் அந்த இணைக்கு ‘ஹ’ ஒலி மட்டும்தான். ஆங்கிலப் பேச்சில் அந்த ‘ஹ’வும் தேய்ந்துபோய், பலர் வாயில் பெயர் ‘கேரன்டூல்’ என்றே வருகிறது.

முதல் சொல் ‘கொரான்’. அகராதியில் அதற்குக் கொக்கி, கதிர் அரிவாள், பிறை என்று பொருள்கள் உண்டு. நிலப்பெயர்களில் வளைந்தோ முனைந்தோ நிற்கும் நிலத்துக்கு இது வழங்கும். மேயோ கவுண்டியில் அக்கில் தீவுக்குப் பக்கத்தில் கொரான் என்ற பெயரிலேயே ஒரு தீபகற்பம் இருக்கிறது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் இரண்டாம் சொல்லில். ஐரிஷில் உடைமையைச் சொல்லும்போது பொருள் முதலில் வரும், உடையவர் பின்னால் வருவார். நம் வரிசைக்கு நேர்மாறு. உடையவரைக் காட்ட ‘உடைய’, ‘இன்’ போல எதையும் ஒட்டுவதில்லை. பெரும்பாலான ஆண்பால் சொற்களில் கடைசி மெய்யைச் சற்று மென்மையாக்கி, எழுத்தில் அதற்கு முன்னால் ‘ஐ’ (i) என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். ‘தூஅஹல்’ என்ற சொல் இப்படித்தான் ‘தூஅஹில்’ ஆகிறது. அப்படியானால் தூஅஹல் என்றால் என்ன? இரண்டு விடைகள் உண்டு. இரண்டுக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றே.

ஒன்று ஆட்பெயர். பண்டைய, இடைக்கால அயர்லாந்தில் தூஅஹல் என்பது பரவலான ஆண் பெயர். ‘மக்களை ஆள்பவன்’ என்பது அதன் வேர்ப்பொருள். ஐரிஷ் புராணக் கதைகளில் தூஅஹல் டெக்ட்மர் என்ற அரசன் வருகிறான். இன்றும் பலர் வைத்திருக்கும் ஓ’டூல் என்ற குடும்பப் பெயர் இந்தத் தூஅஹலிலிருந்து வந்ததே. இந்த வழியில் போனால் மலையின் பெயர் ‘தூஅஹலின் அரிவாள்’.

இன்னொன்று பொதுச்சொல். தூஅஹல் என்றால் இடஞ்சுழி, தவறான திசை, தலைகீழ். இதற்கு எதிர்ச்சொல் ‘தெஷல்’, அதாவது சூரியன் போகும் வழியே சுற்றும் வலஞ்சுழி. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தால் அதைச் சொல்லவும் ஐரிஷில் இந்தத் தூஅஹல்தான் வருகிறது. இந்த வழியில் பெயர் ‘திருப்பிப் பிடித்த அரிவாள்’ ஆகிறது.

இரண்டாவது விளக்கத்தைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் இடப்பெயர்களைத் திரட்டி விளக்கிய பி. டபிள்யூ. ஜாய்ஸ். அவர் வாதம் அழகானது. மலையின் விளிம்பு கருக்கரிவாளின் வாய்போலப் பல் பல்லாக இருக்கிறது. ஆனால் அரிவாளின் பல் உள்வளைவில் இருக்கும், இங்கே வெளிவளைவில் இருக்கிறது. ஆகவே இது தலைகீழ் அரிவாள். கருக்கரிவாளைக் கையில் பிடித்தவர்களுக்கு இந்த நுட்பம் உடனே புரியும். கதிர்த் தாள்களை உள்வளைவில் அணைத்து இழுத்து அறுப்பதால்தான் பல் உள்ளே இருக்கிறது. வெளியே பல் வைத்த அரிவாள் எதையும் அறுக்காது. ஆண்டுக்கு ஆண்டு அறுவடை பார்த்த மக்கள் ஒரு முகட்டைப் பார்த்து ‘இது திருப்பி வைத்த அரிவாள்’ என்று சொல்லியிருப்பார்கள் என்பது நம்பக்கூடியதே.

ஆனாலும் என் தராசு ஆட்பெயர் பக்கமே சாய்கிறது. காரணம் எளிது. ஒரு நிலவடிவச் சொல், அதன்பின் ஆறாம் வேற்றுமையில் ஒரு மனிதன் பெயர் என்பது ஐரிஷ் இடப்பெயர்களின் மிகச் சாதாரணமான அச்சு. ‘பிரெண்டனின் குன்று’ (டிங்கிள் தீபகற்பத்தின் பிராண்டன் மலை, 952 மீட்டர்), ‘பாட்ரிக்கின் குவியல்’ (மேயோவின் குரோ பாட்ரிக், 764 மீட்டர்) எல்லாம் அந்த அச்சில் வார்த்தவை. அந்தத் தூஅஹல் யார் என்பது இன்று யார் நினைவிலும் இல்லை. அதனால் பெயருக்குப் புதுப்பொருள் தேடும் தேவை எழுந்திருக்கும். பொருள் மறந்த பெயருக்கு மக்கள் கண்ணெதிரே இருக்கும் உருவத்திலிருந்து பொருள் கற்பிப்பது உலகெங்கும் நடப்பது. ஜாய்ஸின் விளக்கம் உருவத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதே எனக்கு ஐயத்தைக் கூட்டுகிறது.

மூன்றாவதாக ஒரு சாத்தியம் உண்டு, அதை எளிதில் ஒதுக்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிலார்னி வட்டாரத்தைப் பற்றி எழுதிய ஐசக் வெல்ட் இந்த மலையை ‘கெரான்-டூஎல்’ என்ற ஒலிப்பில் குறித்திருக்கிறார். முதல் எழுத்து, ‘அங்கே’ என்பதில் வரும் மெல்லிய ‘க’வாகக் கேட்டிருக்கிறது. ஐரிஷில் ‘கேரான்’ என்றால் கோரைப்பல். கெர்ரியிலேயே பிராண்டன் தொடரில் ஒன்றும் ஸ்லீவ் மிஷ் தொடரில் ஒன்றுமாகக் கேரான் என்ற பெயருள்ள சிகரங்கள் இருக்கின்றன. அப்படியென்றால் இது ஆதியில் ‘தூஅஹலின் கோரைப்பல்’ ஆக இருந்து, ஒலி ஒப்புமையால் அரிவாளாக மாறியிருக்கலாம். அரிவாள் என்று எழுதும்போது இந்த ஒரு கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

காதால் கேட்டு எழுதிய வரைபடம்

பெயரின் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படி வந்தது? 1824-இல் அயர்லாந்து முழுவதையும் அளக்க ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை தொடங்கியது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில், வயல் வரப்பு வரை தெரியும்படி வரைந்தார்கள். வரிவிதிப்புக்கான மதிப்பீடுதான் நோக்கம். வரைபடத்தில் ஆயிரக்கணக்கான ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட வேண்டியிருந்தது. அதற்காக ஐரிஷ் அறிஞர் ஜான் ஓ’டோனவன் ஊர் ஊராகப் போய், பெரியவர்கள் வாயால் பெயரைக் கேட்டு, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, மூல வடிவத்தையும் வரைபடத்துக்கான ஆங்கில வடிவத்தையும் குறித்தார். உழைப்பு பெரிது. ஆனால் வரைபடத்தில் அச்சேறியது ஆங்கில வடிவம் மட்டும்தான்.

அந்த ஆங்கில வடிவங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தெரிந்தால் அயர்லாந்தின் எந்த மலைப்பெயரையும் பாதி திறந்துவிடலாம். ‘நாக்’ என்று தொடங்கினால் மூலம் ‘க்னொக்’, குன்று. ‘ஸ்லீவ்’ என்றால் ‘ஸ்லியவ்’, மலை. ‘பென்’ அல்லது ‘பீன்’ என்றால் சிகரம். ‘குரோ’ என்றால் ‘க்ரூஅஹ்’, குவியல். ‘கூம்’, ‘கம்’ என்றால் பனி தோண்டிய பள்ளம், அதாவது சர்க்கு. ‘லக்’ என்றால் குழிவு. விக்லோ கவுண்டியின் உயரமான மலை லக்னகுவில்லா (925 மீட்டர்) ‘காட்டின் குழிவு’ என்று பொருள்படும். அடிவாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஆடு மாடு மேயும் குழிவுதான் முக்கியம். உச்சி அந்தக் குழிவின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

கேரன்டூஹிலின் மடியிலேயே இந்தப் பெயர்மாற்றத்தின் இரண்டு வழிகளையும் அருகருகே பார்க்கலாம். வடகிழக்குப் பள்ளத்தின் ஐரிஷ் பெயர் ‘கூம் கலீ’. கலீ என்பது ‘கல்யாஹ்’ என்ற சொல்லின் ஆறாம் வேற்றுமை. கல்யாஹ் என்றால் கிழவி. சொல்லின் பழம்பொருள் முக்காடு இட்டவள். ஐரிஷ் நாட்டார் கதைகளில் மலைகளையும் பருவங்களையும் ஆட்டுவிக்கும் முதுபெண் அவள். இந்தப் பள்ளத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘ஹேக்ஸ் கிளென்’, கிழவியின் பள்ளத்தாக்கு என்று எழுதினார்கள். அதே பள்ளத்தில் கிடக்கும் ஏரியை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்து ‘லாக் கலீ’ என்று எழுதினார்கள். விளைவு என்னவென்றால், ஆங்கில வரைபடத்தில் இரண்டும் தொடர்பில்லாத பெயர்களாக நிற்கின்றன. ஏரியும் கிழவியுடையதுதான் என்பது ஐரிஷ் தெரிந்தால்தான் தெரியும். பக்கத்து ஏரி லாக் கௌரா. கௌர் என்றால் வெள்ளாடு, ஆக அது ஆட்டு ஏரி.

மேல், கீழ் என்ற சொற்களும் இப்படியே ஒலியாக உறைந்திருக்கின்றன. ‘கம்மீன்-ஊக்டர்’ என்றால் மேல் பள்ளம். சுமார் 700 மீட்டர் உயரத்தில் அங்கே இருக்கும் சிறிய ஏரியைத்தான் அயர்லாந்தின் மிக உயரமான ஏரி என்கிறார்கள். கூம்லோக்ராவின் கடைசி ஏரி ‘லாக் ஈக்டர்’, கீழ் ஏரி. ஊக்டர், ஈக்டர் என்ற ஜோடி காதில் விழுந்தால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

வைக்கோல் போர்களும் அவற்றின் உடைமையாளரும்

தொடரின் பெயருக்கும் ஒரு விளக்கம் வேண்டும். ‘ரீக்ஸ்’ என்ற சொல் ஆங்கிலேயருக்கே குழப்பம் தரும், ஏனென்றால் பொது ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு நாற்றம் என்று பொருள். இங்கே அது ‘ரிக்’ என்ற சொல்லின் வட்டார வடிவம். பொருள், வைக்கோல் போர். ஐரிஷ் மூலம் ‘ந க்ரூஅஹ தூவ’, கறுப்புப் போர்கள். வயலில் போட்ட வைக்கோல் போருக்கும், எரிப்பதற்காக வெட்டிக் காயவைத்து அடுக்கிய பீட் மண்கட்டிகளுக்கும் ஐரிஷில் க்ரூஅஹ் என்ற ஒரே சொல்தான். தூரத்தில் வரிசையாகக் கறுத்து நிற்கும் முகடுகளை வேறு எப்படிச் சொல்வார்கள்! குரோ பாட்ரிக் மலையையும் உள்ளூர்க்காரர்கள் ‘தி ரீக்’ என்றே அழைக்கிறார்கள். ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கும் திருப்பயணத்துக்கு ரீக் ஞாயிறு என்று பெயர்.

ஆங்கிலப் பெயரில் ‘கறுப்பு’ போய், ‘மக்கில்லிகட்டியின்’ என்று உடைமை வந்தது. இந்த நிலத்தைப் பல நூற்றாண்டுகள் வைத்திருந்த குடியின் பெயர் அது. ஓ’சல்லிவன் பெருங்குடியின் கிளை. பெயரைப் பிரித்தால் ‘மக் கில்லா மொஹுதா’. மக் என்றால் மகன், கில்லா என்றால் அடியான், மொஹுதா என்பவர் 7-ஆம் நூற்றாண்டுப் புனிதர், வாட்டர்ஃபோர்டு கவுண்டியின் லிஸ்மோர் மடத்தோடு சேர்த்து நினைக்கப்படுபவர். அவர் பெயரின் முன்னொட்டு ‘மொ’வுக்கு ‘என்’ என்று பொருள், செல்லமாகச் சேர்த்தது. தமிழில் சொன்னால் மொஹுதாதாசன் மகன்.

அண்டைச் சிகரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீன்கெரா செம்மறிகளின் சிகரம். காஹர் கல்லரண், இங்கும் எழுத்தில் இருக்கும் ‘டி, ஹெச்’ இணைதான் ‘ஹ’ ஆகியிருக்கிறது. கிழக்கே க்னொக் ந பேஷ்ட்ய (988 மீட்டர்) பாம்புப் பூதத்தின் குன்று. அதையடுத்த பிக் கன் (939 மீட்டர்) பெயரிலேயே பெரிய துப்பாக்கி. கிழக்கு முனையில் க்ரூஅஹ் வோர் (932 மீட்டர்), பெரிய போர். அதன் உச்சியில் கல்லால் கட்டிய ஒரு சிறு கெபி, அதாவது குகை வடிவ வழிபாட்டிடம், இருக்கிறது.

உயரம் ஏன் மாறிக்கொண்டே வந்தது

18-ஆம் நூற்றாண்டில் கிலார்னிக்கு வந்த பலர், அயர்லாந்தின் உயரமான மலை மாங்கர்ட்டன் என்று நம்பினார்கள். அது 838 மீட்டர்தான், 200 மீட்டர் குறைவு. கண் ஏமாந்ததற்குக் கணக்கு இருக்கிறது. கிலார்னி ஊரிலிருந்து மாங்கர்ட்டன் சுமார் 10 கிலோமீட்டர், கேரன்டூஹில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். ஊரில் நின்று அண்ணாந்து பார்க்கும் கோணம் மாங்கர்ட்டனுக்கு நான்கரை பாகை, கேரன்டூஹிலுக்கு மூன்று பாகையை ஒட்டி. போதாததற்கு ரீக்ஸில் ஒன்றின் பின் ஒன்றாக மலைகள் மறைத்து நிற்கின்றன.

பழைய வரைபடங்களில் 3,414 அடி, அதாவது 1,041 மீட்டர் என்று இருக்கும். இன்று 1,039. மலை தேயவில்லை, பூஜ்யம் நகர்ந்தது. பழைய அளவைக்கு அடிப்படை, டப்ளினின் பூல்பெக் கலங்கரை விளக்கில் 1837-இல் குறித்த தாழ்ந்த ஓத மட்டம். புதிய அடிப்படை, வடகோடியில் மாலின் ஹெட்டில் 1960 முதல் 1969 வரை அளந்த சராசரிக் கடல்மட்டம். இரண்டுக்கும் இடையே சுமார் 2.7 மீட்டர். எனவே பழைய நூலிலிருந்து ஒரு மலையின் உயரத்தையும் புதிய வரைபடத்திலிருந்து இன்னொன்றின் உயரத்தையும் எடுத்து ஒப்பிடக் கூடாது. ஆயிரம் மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் காஹர் போன்ற சிகரத்தில் இந்தப் பிழை முடிவையே மாற்றிவிடும்.

நடப்பவருக்குப் பெயர் ஏன் உயிர்ப்பிரச்சினை

பெரும்பாலானோர் குரோனின்ஸ் யார்ட் என்ற பண்ணை முற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கிருந்து ஹேக்ஸ் கிளென் வழியாக இரண்டு ஏரிகளின் நடுவே போய், டெவில்ஸ் லேடர் என்ற செங்குத்து ஓடையில் ஏறினால் ஒரு சேணத்தை, அதாவது இரண்டு சிகரங்களுக்கு நடுவே முகடு தாழும் இடத்தை, அடையலாம். அதற்கு மேல் வடமேற்காக இன்னும் சுமார் 300 மீட்டர் ஏற்றம். போகவரச் சுமார் 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 900 மீட்டருக்கு ஒட்டி. மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்ற நெய்ஸ்மித் விதிப்படி நான்கு மணி நேரம் வரும். ஓடையின் உதிர்கல்லும் ஓய்வும் சேர்ந்தால் ஐந்து முதல் ஆறு மணி நேரம். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. நண்பகலில் புறப்பட்டவர் இருட்டில்தான் இறங்குவார்.

‘பிசாசின் ஏணி’ என்ற பெயரைப் பார்த்து ஏணி போலப் படிகள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல ஆயிரம் கால்கள் பட்டு மண் கழுவப்பட்டு, கற்கள் பிடிமானம் இல்லாமல் கிடக்கின்றன. மேலே போகிறவர் காலிலிருந்து உருளும் கல் கீழே வருகிறவர் தலைக்கு வரும். கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் பிரிந்து ஏறுவது நல்லது. இறக்கத்தில் இது இன்னும் மோசம். ஈரமாக இருந்தால் சேணத்திலிருந்து கிழக்கே க்னொக் ந தின்ய (845 மீட்டர்) மீது சுமார் 115 மீட்டர் ஏறிக் கடந்து, அதன் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் ஸிக்ஸாக் பாதையைப் பிடிக்கலாம். நேரம் கூடும், முழங்கால் தப்பும்.

உச்சியில் ஐந்து மீட்டர் உயர எஃகுச் சிலுவை நிற்கிறது. 2014 நவம்பரில் யாரோ அதை அறுத்துச் சாய்த்தார்கள், ஒரு வாரத்துக்குள் மீண்டும் நிறுத்தப்பட்டது. மூடுபனியில் நடக்கும் தவறு அந்தச் சிலுவையடியிலேயே ஆரம்பிக்கிறது. எல்லாத் திசையும் ஒரே சாம்பல் நிறம், காலடித் தடங்கள் நாலா பக்கமும் போகும். ஏணிக்குத் திரும்பத் தென்கிழக்கே போக வேண்டும். இடது கைப்பக்கம் விலகினால் வடகிழக்கு முகத்தின் செங்குத்துப் பாறை. வடக்கே இழுத்தால் பீன்கெரா முகடு, அங்கே கையையும் பயன்படுத்தி ஏற வேண்டும். மேற்கே போனால் காஹர் வழியாக வேறொரு பள்ளத்தாக்கு, வண்டி நிறுத்திய இடத்துக்கு மலைக்கு அப்பால். உச்சியில் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்புகிறவருக்கு மின்கலம் குளிரில் வேகமாக இறங்கும். அடிவாரத்தைவிட ஆறேழு பாகை குறைவு, காற்று வேறு. 1:50,000 வரைபட வரிசையின் 78-ஆம் தாளும் திசைகாட்டியும் பையில் இருக்க வேண்டும்.

ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 999 அல்லது 112. மலை மீட்பு என்று கேட்க வேண்டும். 1966-இல் தொடங்கிய கெர்ரி மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் வருவார்கள். அப்போது ‘ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம்’ என்று சொன்னால் போதாது. கலீ, கௌரா, ஊக்டர், ஈக்டர், கர்ராமோர் என்று இந்த ஒரு மலையைச் சுற்றியே ஏரிகள் பல. கலீ ஏரிக்கும் கூம்லோக்ராவுக்கும் நடுவே மலையே நிற்கிறது. தவறான பள்ளத்துக்குள் போன குழு சுற்றி வர மணிக்கணக்காகும். பள்ளத்தின் பெயரைச் சொல்லுங்கள், எந்த வழியில் ஏறினீர்கள் என்பதைச் சொல்லுங்கள், முடிந்தால் ஐரிஷ் கட்ட எண்ணை, அதாவது வரைபடக் கட்டங்களில் இடத்தைக் காட்டும் எண்ணை, படியுங்கள். உச்சியின் எண் வி 803 844. முதல் மூன்று இலக்கம் கிழக்கு நோக்கி, அடுத்த மூன்றும் வடக்கு நோக்கி, நூறு மீட்டர் துல்லியம். உச்சரிப்பு எப்படிக் குழறினாலும் எண் குழறாது.